மலையேறிய சக்கரங்கள்: நீலகிரியில் வண்டித் தேர்வின் இருநூறு ஆண்டுகள்

மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகமண்டலம் நிலையமோ ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட மலைரயில் பாதையின் நீளம் 46 கி.மீ. மட்டுமே. சமவெளியில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய இந்தத் தொலைவைக் கடக்க எந்த வண்டி ஏற்றது என்ற கேள்விக்குக் கடந்த இருநூறு ஆண்டுகளில் பல்லக்கு, பொதிமாடு, மாட்டுவண்டி, குதிரைவண்டி, பற்சக்கர ரயில், பேருந்து, ஜீப் என ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடையைத் தந்தது. அந்தந்தக் காலத்துப் பாதை எவ்வளவு சரிவாக இருந்தது, எத்தனை அகலமாக இருந்தது, எப்படி வளைந்தது என்பவற்றைப் பொறுத்தே அந்த விடைகள் அமைந்தன. வண்டி மாறியபோது பாதையும் மாற வேண்டியிருந்தது. மலைக்கு ஏற்ற வண்டி என்றதும் ஏறும் வலிமையே பலரின் நினைவுக்கு வருகிறது. ஆனால் நீலகிரியின் வண்டி வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், ஏற்றத்தைக் காட்டிலும் இறக்கமே வண்டிகளை அதிகம் சோதித்திருப்பதும், இறக்கத்தில் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளத் தெரிந்த வண்டிகளே நிலைத்திருப்பதும் தெளிவாகும்.

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ளச் சரிவு விகிதம் என்ற ஒரு கணக்கை முதலில் அறிந்துகொள்வது நல்லது. 20 அடி முன்னே செல்வதற்குள் பாதை 1 அடி உயர்ந்தால் அதன் சரிவு 20-க்கு 1. 5 அடி செல்வதற்குள்ளேயே 1 அடி உயர்ந்தால் 5-க்கு 1. முதல் எண் குறையக் குறைய ஏற்றம் செங்குத்தாகும். மனிதனின் காலும் பொதிமாட்டின் குளம்பும் செங்குத்தான குறுக்குவழியைத் தாங்கிக்கொள்ளும். நீண்டு சுற்றிச் செல்வதைவிட நேரே ஏறி வேலையை முடிப்பதையே அவை விரும்பும். சக்கரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதற்கு வழி நீண்டாலும் சரிவு மெல்லியதாக இருக்க வேண்டும். மலைப் பாதைகளின் வரலாறு பெரும்பாலும் காலுக்காக இட்ட வழியைச் சக்கரத்துக்காக நீட்டி வளைத்த வரலாறுதான்.

ஆங்கிலேயர் வருமுன் நீலகிரிக்கு வழியே இல்லை என்பது போன்ற தோற்றத்தைக் காலனியக் காலத்து எழுத்துகள் தருகின்றன, அது உண்மையன்று. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் ஆகியோர் தமக்குள்ளும் கீழ்நாட்டாரோடும் கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தனர். எருமை நெய்யும் தானியமும் இரும்புக் கருவியும் தலைச்சுமையாக இறங்கி ஏறிய ஒற்றையடிப் பாதைகள் மலையின் எல்லாப் பக்கத்திலும் இருந்தன. 1812-இல் நில அளவைக்காக வந்த வில்லியம் கீஸும், 1818-இல் ஏறிய விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இளம் அதிகாரிகளும், 1819-இல் ஏறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனும் புதிதாக எந்த வழியையும் கண்டுபிடிக்கவில்லை; மலைமக்களின் கால் பட்டுத் தேய்ந்த தடங்களின் வழியாகவே அவர்கள் ஏறினர். சல்லிவனின் முயற்சியால் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக ஏறும் பாதை 1820-களின் தொடக்கத்தில் வெட்டப்பட்டது. அதுவும் வண்டிப் பாதையன்று. குதிரையும் பொதிமாடும் சுமை தூக்குவோரும் செல்வதற்கான வழிதான்.

அக்காலத்து மலைவாகனம் மனிதத் தோள். காய்ச்சலுக்குப் பெயர் போன அடிவாரக் காட்டை விரைந்து கடந்து, ஐரோப்பிய அதிகாரிகளும் அவர்களின் குடும்பத்தாரும் பல்லக்கிலோ மஞ்சிலிலோ நாற்காலியிலோ அமர்ந்து மேலே சென்றனர். இவற்றுக்கிடையே இருந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. பல்லக்கு என்பது ஆள் நீட்டிப் படுக்கக்கூடிய நீண்ட பெட்டி. சமவெளியில் அது சுகமானது, ஆனால் குறுகிய மலை வளைவில் அதன் நீளமே அதற்குப் பகையானது, செங்குத்தான ஏற்றத்தில் உள்ளே படுத்திருப்பவர் ஒரு பக்கமாகச் சரிவார். மஞ்சில் என்பது ஒற்றைக் கழியில் தூளி போலத் துணியைக் கட்டித் தொங்கவிட்ட எளிய அமைப்பு. கழி எந்தக் கோணத்தில் சாய்ந்தாலும் தூளி தன் நிலையைத் தானே சரிசெய்துகொள்ளும், எடையும் குறைவு. கழிகளில் பொருத்திய நாற்காலி இன்னும் குட்டையானது. முன்னால் இருவரும் பின்னால் இருவரும் நெருங்கி நடந்து எந்த வளைவிலும் திரும்பிவிடலாம். மலையில் நீளமான வண்டியைவிடக் குட்டையான வண்டி மேலானது என்ற பாடம் எஞ்சின் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே தோளில் சுமந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

1834-இல் இந்தியாவுக்கு வந்திறங்கிய ஆங்கிலேய அதிகாரி மெக்காலே, கோடைக்காக உதகையில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்கைச் சந்திக்கச் சென்னையிலிருந்து பெங்களூர், மைசூர் வழியாக ஏறத்தாழ 400 மைல் பல்லக்கில் பயணம் செய்தார். அந்த நானூறு மைலில் அவர் எழுதிய கடிதங்களும் படித்த நூல்களும் வரலாற்றில் இடம்பெற்றிருக்கின்றன. அவரைச் சுமந்தவர்களில் ஒருவரின் பெயர்கூட இடம்பெறவில்லை. மலைவாசத் தலங்களின் வரலாற்றை எழுதுவோர் சாலை போட்ட பொறியாளரைப் போற்றும் அளவுக்குச் சுமந்த தோளை நினைவுகூர்வதில்லை என்பது வருந்தத்தக்க குறை. கொடைக்கானலில் இந்நிலை இன்னும் நெடுங்காலம் நீடித்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் மோட்டார் சாலை திறக்கப்படும் வரை, கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கியோர் மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்துக்குப் போய், அங்கிருந்து நடந்தோ குதிரையிலோ தூக்கு நாற்காலியிலோதான் மேலே சென்றனர்.

நீலகிரியில் சக்கரம் ஏறத் தொடங்கியது குன்னூர் மலைப்பாதையின் வருகைக்குப் பிறகுதான். 1830-களின் தொடக்கத்தில் இராணுவத்தின் பயனியர் படையினர் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஒரு பாதையை அமைத்தனர். ஆனால் அது காலுக்கான கணக்கில் வெட்டப்பட்ட வழி, மிகச் செங்குத்தானது. உதகையிலும் குன்னூரிலும் வீடுகளும் தோட்டங்களும் பெருகிப் பாரம் கூடியபோது அந்தப் பாதை போதாமற்போனது. பாரம் ஏற்றிய இரட்டைமாட்டு வண்டிக்குச் செங்குத்துப் பாதை ஏன் ஒவ்வாது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இரண்டு சக்கரங்களின்மீது ஒரே அச்சில் நிற்கும் வண்டியில் முன்பாரமும் பின்பாரமும் சமமாக இருக்க வேண்டும். வண்டி ஏற்றத்தில் சாயும்போது மூட்டைகளின் எடை பின்னோக்கி நகர்ந்து பின்பாரம் மிகுகிறது. ஏர்க்கால் மேலே தூக்க, நுகத்தடி மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பிக் கழுத்துக் கயிறு தொண்டையை இறுக்குகிறது. இறக்கத்தில் இதற்கு நேர்மாறாக முன்பாரம் மிகுந்து வண்டியின் முழு எடையும் கழுத்தின்மீது அழுத்த, மாடு தன் குளம்பையே தடையாக ஊன்றி வண்டியைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஏறும்போது களைத்த மாட்டை நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்து, மூச்சு வாங்கவிட்டு மீண்டும் ஓட்டலாம். இறங்கும்போது மாட்டின் கால் வழுக்கினால் அத்தகைய இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

இந்தச் சிக்கலுக்கு விடையாகத்தான் லா என்ற இராணுவப் பொறியாளர் 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிய குன்னூர் மலைப்பாதையை அமைத்தார். குன்னூருக்குக் கீழே சாலையோரம் விழும் அருவி இன்றும் லாஸ் அருவி என்று அவர் பெயரால் வழங்குகிறது. பழைய வழியைவிட நீளமாகவும் சரிவு மிகக் குறைவாகவும் மலையின் மடிப்புகளை ஒட்டி வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையின் தடத்தையே இன்றைய தேசிய நெடுஞ்சாலையும் பெரும்பாலும் பின்பற்றுகிறது. மாட்டுவண்டிக்காகக் கணக்கிட்ட சரிவே பின்னாளில் பேருந்துக்கும் லாரிக்கும் பொருந்தியது அந்தப் பொறியாளரின் பெருந்திறனுக்குச் சான்று.

போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரையிலான ரயில் பாதை 1873-இல் திறக்கப்பட்டதும் மலைப்பயணத்தின் வேகம் கூடியது. ரயிலில் இறங்கியவர்களையும் தபாலையும் உதகைக்குக் கொண்டுசென்றது டோங்கா என்ற இருசக்கரக் குதிரைவண்டி. தாழ்வான அச்சும், முதுகோடு முதுகு ஒட்டி அமரும் இருக்கைகளும், இரண்டு மட்டக்குதிரைகளின் முதுகுக்கு மேலே குறுக்காகச் செல்லும் தண்டும் அதன் அடையாளங்கள். முதுகோடு முதுகாக அமரும் ஏற்பாடு வெறும் வசதிக்காக வந்ததன்று. பயணிகளின் எடை அச்சுக்கு முன்னும் பின்னும் பகிரப்பட்டதால் முன்பாரம், பின்பாரம் என்ற பழைய தொல்லை குறைந்தது. தாழ்ந்த அச்சினால் வளைவில் குடைசாயும் ஆபத்தும் குறைந்தது. வழியில் குதிரைகளை மாற்றிக்கொண்டே சென்றதால், களைத்த விலங்கு ஒருபோதும் மலையின் கடைசி ஏற்றத்தில் நிற்கவில்லை.

மலைரயிலைப் பற்றிய பேச்சு 1854-லேயே தொடங்கிவிட்டது. ஆயினும் பணி 1891-இல்தான் தொடங்கியது, முதலில் பொறுப்பேற்ற நிறுவனம் நொடித்துப்போனது, மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையிலான பாதை 1899 ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது, உதகைக்கு ரயில் சென்றது 1908-இல். இத்தனை தாமதத்துக்குப் பணம் ஒரு காரணம்; எந்த வகை ரயில் இம்மலைக்கு ஏற்றது என்பதில் முடிவுக்கு வர இயலாமை மற்றொரு காரணம். இரும்புத் தண்டவாளத்தின்மீது இரும்புச் சக்கரம் செல்லும்போது இரண்டுக்கும் இடையிலான உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் ரயிலின் சிக்கனத்துக்குக் காரணமான அந்த வழுவழுப்பே மலையில் அதன் பலவீனம். கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் இடையில் 19 கி.மீ. தொலைவில் பாதை ஏறத்தாழ 1,300 மீட்டர் உயர்கிறது. மிகச் செங்குத்தான இடங்களில் சரிவு 12-க்கு 1 என்ற அளவை நெருங்குகிறது. அத்தகைய ஏற்றத்தில், அதிலும் மழையில் நனைந்த தண்டவாளத்தில், வெறும் சக்கரம் சுழன்று வழுக்குமேயன்றி முன்னேறாது.

இதற்குத் தீர்வாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த பற்சட்ட முறை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, பற்கள் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்கள் அருகருகே பதிக்கப்பட்டிருக்கும். ஒரு சட்டத்தின் பல் இருக்கும் இடத்தில் அடுத்த சட்டத்தின் பள்ளம் வரும்படி அவை மாற்றி அமைக்கப்பட்டிருப்பதால், எஞ்சினுக்கு அடியில் சுழலும் பற்சக்கரங்களில் ஏதேனும் ஒன்று எந்நேரமும் சட்டத்தைக் கவ்வியபடியே இருக்கும். ஏணியில் ஏறுபவர் ஒரு கையை எடுப்பதற்கு முன் மறு கையால் பற்றிக்கொள்வதைப் போன்றது இது. இம்மலைக்கென்று சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் கட்டப்பட்ட எக்ஸ் வகை நீராவி எஞ்சின்களில் நான்கு உருளைகள் உண்டு. சமதளப் பகுதியில் இரண்டு உருளைகள் மட்டும் சாதாரணச் சக்கரங்களை இயக்கும். பற்சட்டப் பகுதிக்குள் நுழைந்ததும், அந்த உருளைகளில் ஒருமுறை வேலை செய்து வெளியேறும் நீராவி மற்ற இரண்டு உருளைகளுக்குள் சென்று பற்சக்கரங்களை இயக்கும். பற்சட்டத்தில் ரயிலின் வேகம் மணிக்கு 13 கி.மீ. மட்டுமே.

ஆனால் இந்த ரயிலின் உண்மையான அறிவு அதன் ஏற்றத்தில் இல்லை. எஞ்சின் பெட்டிகளை முன்னாலிருந்து இழுக்காமல் எப்போதும் கீழ்ப்புறத்தில் நின்றே தள்ளிச் செல்கிறது. இறங்கும்போதும் அதே கீழ்ப்புறத்தில் நின்று பெட்டிகளைத் தாங்கி வருகிறது. இணைப்பு அறுந்தால்கூடப் பெட்டிகள் தனியே உருண்டோட வழியில்லை. அவை எஞ்சினின்மீதே சாய்ந்து நிற்கும். சக்கரங்களுக்கு ஒரு பிரேக், பற்சக்கரங்களுக்குத் தனியே ஒரு பிரேக், உருளைகளின் அழுத்தத்தையே தடையாக்கும் ஓர் ஏற்பாடு, இவை போதாதென்று ஒவ்வொரு பெட்டியிலும் கையால் பிரேக்கை இயக்கும் பணியாளர் என்று, ஒரு வண்டியை ஏற்றுவதற்குச் செய்ததைவிட அதை நிறுத்துவதற்கே இங்கு அதிக ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. 208 வளைவுகளும் 250 பாலங்களும் 16 குகைகளும் கொண்ட இந்தப் பாதை 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமானது. 2010-களில் திருச்சி பொன்மலைப் பணிமனை இதே எக்ஸ் வகை எஞ்சின்களைப் புதிதாகக் கட்டித் தந்தது. நூறாண்டுக்கு முந்தைய வடிவத்தை ஒரு தமிழகப் பணிமனை மீண்டும் உயிர்ப்பித்தது, அந்தத் தேர்வு எவ்வளவு சரியானது என்பதற்கு நிகரற்ற சான்று.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி மலையேறத் தொடங்கியது. ஆரம்பக்கால மோட்டார்களுக்கு மலை ஒத்துவரவில்லை. ரேடியேட்டரில் நீர் கொதித்தது. வழியிலுள்ள ஒவ்வொரு நீரூற்றும் ஓட்டுநர்களுக்குத் தங்குமிடமானது. 1908-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காரில், பெட்ரோல் தொட்டியிலிருந்து எஞ்சினுக்குப் பம்ப் இன்றித் தானாக வழிந்து வந்தது. செங்குத்தான ஏற்றத்தில் தொட்டியைவிட எஞ்சின் உயர்ந்துவிட, பெட்ரோல் வருவது நின்றுபோகும். ஆகவே பல மலைநாடுகளில் அக்காரைத் திருப்பி, பின்னோக்கும் கியரில் முதுகுப் பக்கமாகவே ஏற்றினர். பின்னோக்கும் கியரின் இழுவை மற்றக் கியர்களைவிட அதிகம் என்பதும் இதற்கு உதவியது. பம்பும் நல்ல ரேடியேட்டரும் மூன்று, நான்கு கியர்களும் வந்தபோது ஏற்றத்தின் தொல்லை ஏறக்குறைய தீர்ந்தது. இறக்கத்தின் தொல்லை தீரவில்லை.

அதன் அளவை ஓர் எளிய கணக்கால் உணரலாம். 10 டன் எடையுள்ள பேருந்து குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,400 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் வெளியாகும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், 400 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். ஓட்டுநர் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அத்தனை வெப்பமும் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் கட்டைகளில் சேர்கிறது. அளவு மீறிச் சூடான கட்டைகள் பிடிப்பை இழக்கின்றன. மிதித்தாலும் வண்டி நிற்பதில்லை. ஆலையில் பழுதே இல்லாமல் வெளிவந்த வண்டிக்கும் இது நேரும். பெரும்பாலான மலைச் சாலை விபத்துகளுக்குப் பின் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்று எழுதப்படும் செய்தியில், பிடிக்காமல் போனதற்கான காரணம் பல கி.மீ. மேலேயே தொடங்கியிருக்கும்.

இதற்குத் தீர்வு எஞ்சினிலேயே இருக்கிறது. தாழ்ந்த கியரில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இறங்கும்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. எஞ்சினின் எதிர்ப்பு வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிறது. மலைரயில் எஞ்சின் தன் உருளைகளின் அழுத்தத்தைத் தடையாக்குவதும் இதுவும் கொள்கையில் ஒன்றே. எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைச் சாலை ஓட்டுநர்களின் பழைய நெறி. கனரக வண்டிகளில் எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையைத் தடுத்து எதிர்ப்பைக் கூட்டும் புகைவழி பிரேக் பின்னர் வந்து சேர்ந்தது. நியூட்ரலில் போட்டு உருளவிட்டால் டீசல் மிச்சமாகும் என்று எண்ணுவோர் இன்றும் உண்டு. அவர்கள் எஞ்சின் என்ற அந்தப் பெரும் தடையைத் தாமே கழற்றி எறிகின்றனர்.

இரண்டாம் உலகப் போர் மலைக்கு ஒரு புதிய வண்டியைத் தந்தது. 1940-இல் அமெரிக்க இராணுவம் கேட்டுக்கொண்டபடி பேன்டம் நிறுவனம் 49 நாள்களுக்குள் முன்மாதிரியைக் கட்டி ஒப்படைத்த சிறு வண்டி, பின் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்களின் கையில் ஜீப் ஆனது. வில்லிஸ் ஜீப்பின் எஞ்சின் 60 குதிரைத்திறன் மட்டுமே கொண்டது. மலைக்கு அதைத் தகுதியாக்கியவை வேறு மூன்று கூறுகள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 80 அங்குலம் மட்டுமே என்பதால் அது எந்த வளைவிலும் ஒரே திருப்பில் திரும்பியது. நான்கு சக்கரங்களும் இயங்கியதால் சேற்றிலும் கூழாங்கல்லிலும் ஏதேனும் ஒரு சக்கரத்துக்குப் பிடி கிடைத்தது. கியர்பெட்டியை ஒட்டி அமைந்த டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரண்டாம் கியர்பெட்டி, எஞ்சினின் ஆற்றலை நான்கு சக்கரங்களுக்கும் பகிர்ந்ததோடு, வேகத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து இழுவையை இரட்டிப்பாக்கும் தாழ்நிலையையும் கொண்டிருந்தது. ஏறுவதற்கு உதவிய அந்தத் தாழ்நிலை, இறங்கும்போது மனிதன் நடக்கும் வேகத்தில், பிரேக்கைத் தொடாமலேயே வண்டியை இறக்கியது.

போர் முடிந்ததும் இராணுவத்தின் உபரி ஜீப்புகள் ஏலத்தில் விற்கப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலையூர்களுக்கும் வந்து சேர்ந்தன. 1940-களின் இறுதியிலேயே மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை மும்பையில் பொருத்தத் தொடங்கியது. நீலகிரி, வால்பாறை, ஏற்காடு, மூணாறு எங்கும் தோட்டத்து மேற்பார்வைக்கும் நோயாளியைத் தூக்கிவரவும் காய்கறி மூட்டை இறக்கவும் ஒரே வண்டியாக ஜீப் நின்றது. தார் போடாத தோட்டத்துப் பாதைக்கு அதற்கு நிகரான வண்டி அன்று வேறில்லை.

அதே காலத்தில் இமயத்தில் நடந்த ஒரு நிகழ்வு வண்டித் தேர்வின் வரலாற்றில் தனித்து நிற்கிறது. 1948 நவம்பர் 1 அன்று, இந்திய-பாகிஸ்தான் போரின்போது, காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரமுள்ள சோஜி லா கணவாயில், ஜெனரல் திம்மையாவின் திட்டப்படி ஸ்டூவர்ட் வகை இலகு டாங்கிகள் பனியில் ஏறிச் சென்றன. அங்கே டாங்கி வரும் என்று எதிர்த்தரப்பினர் எண்ணிப்பார்க்கவேயில்லை. கோவேறு கழுதை செல்லும் தடத்தை டாங்கி செல்லும் அளவுக்கு அகலப்படுத்தி உறுதிப்படுத்தியவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையினர். அப்படையில் தமிழர் பெருமளவில் பணியாற்றினர். பெரிய டாங்கிகளை விட்டு எடை குறைந்த ஸ்டூவர்ட்டைத் தேர்ந்ததும், அதற்கேற்பப் பாதையைச் செப்பனிட்டதும் சேர்ந்தே அந்த வெற்றியைத் தந்தன. வண்டியையும் பாதையையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பின்னர் இந்திய இராணுவத்துக்காக நிசான் நிறுவன உரிமத்தின்கீழ் ஜபல்பூரில் ஜோங்கா என்ற வண்டி கட்டப்பட்டது. 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்சியோ ஒரு லிட்டருக்கும் குறைந்த கொள்ளளவுள்ள சிறு எஞ்சினோடு வந்தது. ஆனால் அதன் எடையும் ஒரு டன்னுக்குக் கீழேதான் இருந்தது. வலிமையைக் கூட்டுவதைப் போலவே எடையைக் குறைப்பதும் மலையேற ஒரு வழி என்பதை ஜிப்சி காட்டியது. பனியிலும் சேற்றிலும் பாரவண்டிகள் புதையும் இடத்தில் அது மேலாகவே சென்றது. டார்ஜிலிங் மலையில் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூ வரை, தேயிலைத் தோட்ட உரிமையாளர்கள் விட்டுச்சென்ற பழைய லேண்ட் ரோவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயணிகளை ஏற்றிச் சென்றன. கரடுமுரடான கல் பாதையாக இருந்தவரை அவற்றுக்குப் போட்டியில்லை. பாதையில் கான்கிரீட் போடப்பட்டதும் புதிய வண்டிகள் அவற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின.

உயரம் கூடக்கூட எஞ்சினின் மூச்சும் குறைகிறது. 2,200 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சாதாரண எஞ்சின் அந்த அளவுக்குத் தன் ஆற்றலை இழக்கிறது. கர்தூங் லா போன்ற 5,000 மீட்டரைக் கடந்த கணவாயில் இழப்பு ஐந்தில் இரண்டு பங்கை எட்டும். காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் டர்போ பொருத்திய எஞ்சின்கள் இக்குறையைப் பெரும்பாலும் ஈடுசெய்கின்றன. நீலகிரி உயரத்துக்கு இது பெரிய தடையன்று. இமயத்துக்கு வண்டி எடுப்போர் இதைக் கணக்கில் கொண்டே ஆக வேண்டும்.

இன்று தார் போட்ட மலைச் சாலைக்கு நான்கு சக்கர இயக்கம் இன்றியமையாதது என்ற எண்ணம் விளம்பரங்களால் பரவியிருக்கிறது. மேட்டுப்பாளையம் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் அன்றாடம் ஏறி இறங்கும் அரசுப் பேருந்துகள் இரு பின்சக்கர இயக்கத்தில்தான் ஓடுகின்றன. அங்கே தேவைப்படுபவை குறைந்த அச்சு இடைத்தூரம், தாழ்ந்த முதல் கியர், தேயாத டயர், மலையறிந்த ஓட்டுநர். மின்சார வண்டிகள் இறக்கத்தில் மோட்டாரையே தடையாக்கி, வீணாகும் ஆற்றலை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன; மலைக்கு இது பெரும் பேறு. ஆயினும் மலையுச்சியில் மின்கலத்தை முழுவதும் நிரப்பிக்கொண்டு இறங்கினால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு அதில் இடமிருக்காது. அந்தத் தடை உரிய நேரத்தில் கிடைக்காமல் போகலாம். இறங்கப்போகும் வண்டியின் மின்கலத்தில் சிறிது இடம் விட்டு வைப்பது நல்லது.

குன்னூர்ப் பாதையைப் போல எல்லா வழியும் சக்கரத்துக்காகத் திருத்தி எழுதப்படவில்லை. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலை 36 கொண்டை ஊசி வளைவுகளோடு இன்றும் மிகச் செங்குத்தாகவே இருக்கிறது. ஆற்றல் மிக்க புதிய கார்கள் சிரமமின்றி ஏறக்கூடிய அந்தச் சாலையில், இறக்கத்தில் பிரேக் செயலிழந்து பலர் உயிரிழந்தனர். உயிர்ப்பலி கொண்ட ஒரு விபத்துக்குப் பின் 2018-இல் மாவட்ட நிர்வாகம் அவ்வழியே வெளியூர் வண்டிகள் மசினகுடிக்கு இறங்கத் தடை விதித்தது. முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே இறங்கப் பழகிய உள்ளூர் வண்டிகள் தொடர்ந்து அவ்வழியே சென்றுவருகின்றன.